மாதத்துக்கு எத்தனை முறை ஆன்லைனில் வாங்குவது சரி? கடை இருக்க ஏன் அங்கே போகிறோம்?

எத்தனை முறை என்று எண்ணுவதைவிட, வந்த பார்சல்களை வகை பிரித்துப் பார்த்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும். உங்கள் ஆர்டர் பட்டியலைத் திறந்து கடைசி மூன்று மாதத்தைப் பாருங்கள். எல்லாமே மூன்று வகைக்குள் வந்துவிடும்: வீட்டில் தீர்ந்துபோனதால் வாங்கியவை, உள்ளூரில் கிடைக்காததால் வாங்கியவை, விலை குறைந்திருக்கிறது என்று போனில் அறிவிப்பு வந்ததால் வாங்கியவை. முதல் இரண்டும் எத்தனை முறை வந்தாலும் தவறில்லை. எண்ணிக்கையை ஊத வைப்பது மூன்றாவதுதான்.

இருப்பதிலேயே நியாயமான காரணம் இரண்டாவது. ரிச்சி தெருவுக்கும் பாரிமுனைக்கும் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய சென்னைக்காரருக்கு இது அவ்வளவாகப் புரியாது, தென்காசிப் பக்கம் இருப்பவருக்கு உடனே புரியும். 11-ஆம் நம்பர் செருப்பு, இடது கைக்காரருக்கான கத்தரிக்கோல், நிறுத்தப்பட்ட மிக்ஸி மாடலின் ஜார் போன்றவற்றை உள்ளூர்க் கடைக்காரர் வாங்கி அடுக்கினால் வருஷத்துக்கு ஒன்று விற்றாலே பெரிது. அவர் வைக்காததில் குற்றமில்லை.

ஆனால் உதிரி பாகம் வாங்கும்போதுதான் தப்பும் அதிகம் நடக்கிறது. குக்கர் கேஸ்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "5 லிட்டர் கேஸ்கெட்" என்று மட்டும் தேடி ஆர்டர் போட்டால் வந்தது பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. மூடி உள்ளே போய்ப் பூட்டும் வகையா, வெளியே கவிந்து மூடும் வகையா என்பதைப் பொறுத்து கேஸ்கெட் மாறும். ஒரே கம்பெனியின் ஒரே 5 லிட்டரிலும் அகலமான பான் வடிவத்துக்கு ஒரு விட்டம், உயரமான குக்கருக்கு வேறு விட்டம். பழைய கேஸ்கெட்டைக் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் ரப்பரிலேயே ஒரு எண் புடைத்திருக்கும். அந்த எண்ணையும் கம்பெனி பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். எண் தேய்ந்துபோயிருந்தால் கேஸ்கெட்டை அளக்காதீர்கள், மூடியில் அது உட்காரும் பள்ளத்தை அளங்கள். ஃப்ரீசரில் வைத்துச் சுருக்கிச் சுருக்கி ஓட்டிய பழைய கேஸ்கெட் ஏற்கெனவே தொளதொளத்திருக்கும். அதன் அளவுக்கு வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வந்து, விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசியும். மிக்ஸி ஜாருக்கும் இதே கதைதான்: மோட்டாரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண் இல்லாமல் ஆர்டர் போடக் கூடாது. ஜாரின் அடியில் மோட்டாரோடு பூட்டிக்கொள்ளும் கப்ளர் படத்தில் ஒன்றுபோலவே தெரியும், கையில் வந்தபின் பல் பொருந்தாது.

இன்னொரு நல்ல காரணம், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வாங்கி அனுப்புவது. பெங்களூரில் இருந்துகொண்டு பாளையங்கோட்டைக்கு மளிகையும் பிபி மெஷினும் அனுப்ப முடிவது சின்ன விஷயமில்லை. இதில் சறுக்கும் இடம் ஒன்றுதான். முகவரியில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் டெலிவரிப் பையன் உங்களைக் கூப்பிடுவார், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், பார்சல் திரும்பிப் போய்விடும். முகவரிக்குக் கீழே பெற்றோரின் எண்ணைப் போடுங்கள். ஓடிபி உங்கள் கணக்குக்கு வருகிறதா அவர்கள் போனுக்கு வருகிறதா என்று முதல் ஆர்டரிலேயே பார்த்து, அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இனி தீர்ந்துபோகும் பொருள்கள். மாதச் சாமானை ஒரே ஆர்டராகப் போட்டால் ஆன்லைன் லாபம்தான், 100 கிராம் விலையைப் போட்டுப் பார்த்து வாங்கினால். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் அலகு விலையும், அதாவது ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்பதும், அச்சாகியிருக்கும், தளத்தில் உள்ள படத்தில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதெல்லாம் அந்த இடத்தில் தெளிந்துவிடும். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்கள்தான் கணக்கைக் குழப்புகின்றன. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு கிடங்கு, அங்கிருந்து பைக். அந்தச் செலவு எங்காவது பில்லில் ஏறத்தான் செய்யும். 140 ரூபாய்க்குக் கொத்தமல்லி, தயிர், பிரெட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெலிவரி 25, ஹேண்ட்லிங் 10, சிறிய ஆர்டர் கட்டணம் 20 என்று வந்தால் கூடுதல் 55 ரூபாய். வாரம் மூன்று முறை இப்படிப் போனால் மாதம் 660 ரூபாய் வெறும் கொண்டுவரும் கூலி. குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் வரவழைத்தால் அந்த 55 ரூபாய் தாராளமாகத் தகும். கொத்தமல்லிக்குத் தகாது. தெருமுனைக் கடையிலேயே அது கிடைக்கும்.

விலைக் குறைப்பு விற்பனைக்கு வருவோம். ஃபிளிப்கார்ட் 2014 அக்டோபர் 6 அன்று தன் முதல் பெரிய ஒருநாள் விற்பனையை நடத்தியதிலிருந்து தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் ஆன்லைனுக்கு என்றே ஆகிவிட்டன. குறுக்கே கோடு போட்டு வெட்டிக் காட்டும் எம்ஆர்பியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. போன வாரம் என்ன விலைக்கு விற்றது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை வரலாற்றை வரைபடமாகக் காட்டும் தளங்களில் பொருளின் இணைப்பை ஒட்டிப் பார்த்தால் உண்மையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். "வட்டியில்லா இஎம்ஐ" என்பதையும் பிரித்துப் பாருங்கள். 24,000 ரூபாய் போனுக்கு ஆறு மாத வட்டி 1,000 ரூபாய் என்றால், அதை முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், வங்கி அதே வட்டியைத் தவணையில் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாய் உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக வட்டியில்லாததற்கு 415 ரூபாய் ஆகிறது.

"இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே கூடையில் இன்ஷூரன்ஸோ நன்கொடையோ சேர்ப்பது போன்ற 13 தந்திரங்களை மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. இருந்தாலும் பணம் கட்டும் பக்கத்தில் மொத்தத் தொகையை வரிக்கு வரி படிப்பது இன்னும் அவசியம்தான்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், 55 இஞ்ச் டிவி இவற்றை உள்ளூர் டீலரிடம் வாங்குவதே என் கட்சி. ஆன்லைன் விலையைக் காட்டிப் பேசினால் பெரும்பாலான டீலர்கள் அதை ஒட்டி இறங்கி வருவார்கள், மாடி ஏற்றுக்கூலியையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். ஆன்லைனில்தான் என்றால், திருப்பி அனுப்பும் கெடு பொருள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள். பொருத்த வருபவர் நான்கைந்து நாள் கழித்து வந்தால், ஏழு நாள் கெடுவில் மீதி இரண்டு மூன்று நாள்தான். டிவிப் பெட்டியை அவர் வரும்வரை பிரிக்காமல் வைப்பது நல்லது. பேனலில் கீறல் இருந்தால் அது யாரால் வந்தது என்ற பேச்சே எழாது. ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி நான்கைந்து மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

விலை உயர்ந்த சிறிய பொருளானால், பார்சலைப் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். முதலில் லேபிளில் உள்ள ஆர்டர் எண், பிறகு நான்கு பக்கமும் டேப், அப்புறம்தான் கத்தி. நடுவில் நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்க மறுக்கிறார்கள். வாங்கும் முன் "ரிட்டர்ன்" என்று போட்டிருக்கிறதா, "ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் திரும்பாது.

2010-இல் ஃபிளிப்கார்ட் பொருள் வந்தபின் பணம் தரும் முறையைத் தொடங்கியபோது, கார்டு இல்லாதவர்களும் நம்பாதவர்களும் உள்ளே வந்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆர்டர் போடாத பார்சல் வந்தால் வீட்டில் யாரும் பணம் கொடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். "டெலிவரிக்காக" நட்சத்திரக் குறியில் தொடங்கும் 21, 401 போன்ற எண்ணை அமுக்கச் சொன்னால் அமுக்கக் கூடாது. உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திரும்பி, அழைப்பில் வரும் ஓடிபியும் மோசடிக்காரர்கள் காதுக்குப் போய்விடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பொருளில் தகராறு என்றால் முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அங்கே கேட்பது ஆதாரம். பொருளின் பக்கத்தை விற்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், அதனால் ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை, விற்பவர் பெயரோடு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லுடன் சேர்த்து வையுங்கள்.