வாசகர் கேள்வி: ஆற்றை விடத் தாழ்ந்த தெருவில் ஒரு வீடு

சென்ற இதழில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரை ஒட்டி ஓடும் கொலம்பியா ஆற்றின் கரைகளில் நான் ஆய்வுப் பொறியாளராக வேலை பார்த்ததைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

என் மகன் போர்ட்லாந்தில், விமான நிலையத்துக்கு அருகே ஈஸ்ட் கொலம்பியா என்ற பகுதியில் வீடு வாங்கியிருக்கிறான். வீட்டு வரிச் சீட்டில் வடிகால் மாவட்டம் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறதாம். மற்ற வரியெல்லாம் கட்டிய பிறகு இது எதற்கு?
— ஒரு தாய், வேளச்சேரி

அம்மா, பையனை மறுபேச்சு இல்லாமல் கட்டச் சொல்லுங்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் அந்தத் தெருவே இருந்திருக்காது.

மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும். இது வேறு. ஆற்றோரப் பள்ளத்தில் நிலம் வைத்திருந்த விவசாயிகள் 1917-ல் சட்டப்படி சேர்ந்து தொடங்கிய அமைப்பு. நிலத்துக்கு ஏற்றபடி காசு போட்டுக் கரை எழுப்பினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பம்பு வைத்தார்கள். ஏறக்குறைய நம் ஊர்க் குடிமராமத்து மாதிரி. ஆனால் நம் ஆட்கள் உடல் உழைப்பைக் கொடுத்தார்கள், அவர்கள் வரி கொடுத்தார்கள். ஓட்டுகூட ஏக்கர் கணக்குதான்: எத்தனை ஏக்கரோ அத்தனை ஓட்டு. அடுத்தடுத்து இப்படி நான்கு அமைப்புகள்.

அப்புறம் விவசாயம் போய்விட்டது. உருளைக்கிழங்கோ புல்லோ விளைந்த இடத்தில் இன்று விமான நிலையம், கிடங்குகள், குடியிருப்புகள், நகரத்தின் மாற்றுக் குடிநீர்க் கிணறுகள் எல்லாம் இருக்கின்றன. ஏக்கருக்கு ஓட்டு என்ற முறை அரைக் கிரவுண்டு வீட்டுக்காரரைக் கணக்கிலேயே சேர்க்காது அல்லவா? அதனால் நான்கையும் ஒன்றாக்க 2019-ல் ஓரிகன் சட்டசபை புதிய அமைப்பு ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கியது. கரைகளைச் சீரமைக்க 15 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 2024 மே மாதம் வாக்காளர்கள் சம்மதம் கொடுத்தார்கள். உங்கள் பையன் சீட்டில் பார்ப்பது இந்த வரிசையில் வந்த செலவு.

ஒரு நாள் அவனை மரைன் டிரைவ் சாலையில் நிற்கச் சொல்லுங்கள். கரையின் உச்சியிலேயே போகிற சாலை அது. ஒரு பக்கம் கொலம்பியா, மறுபக்கம் விமான ஓடுதளம். ஜூன் மாதம் ஆறு நிறைந்திருக்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தால், எந்தப் பக்கம் உயரம் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கரை கட்டிவிட்டால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராது, சரி. உள்ளே பெய்கிற மழை வெளியே போவது எப்படி?
— வாசகர், கும்பகோணம்

இந்த வேலையில் பாதி அதுதான். கரை எழுப்பிய நிமிடமே உள்ளே இருப்பது ஒரு கிண்ணமாகிவிடுகிறது. ஆறு தாழ்ந்திருக்கும்போது வாய்க்கால் தண்ணீர் மதகு வழியாகத் தானே ஓடிவிடும். மதகில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு உண்டு. வெளியே ஆறு ஏறினால் அந்த அழுத்தத்திலேயே சாத்திக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே பெய்வதையெல்லாம் பம்பு வைத்துக் கரைக்கு வெளியே தூக்கித்தான் ஊற்ற வேண்டும். ஆறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரம் தூக்க வேண்டும், கரண்டும் அவ்வளவு ஆகும்.

பம்பு ரிப்பேராகும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். என் அனுபவத்தில் பம்புக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கம்பித் தடுப்பில்தான் தொல்லை. இலையுதிர்காலத்தில் முதல் பெருமழை வரும் இரவு, வாய்க்காலில் கிடந்த அத்தனை சருகும் பாசியும் ஒரே நேரத்தில் அங்கே வந்து பாய் விரித்தாற்போல் அடைக்கும். அதில் கால்பந்து, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு முறை முழு கிறிஸ்துமஸ் மரம். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் அதன் பக்கம் வராது. வாய்க்கால் மட்டம் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். வாருகோலோடு இரவு இரண்டு மணிக்கு நிற்கிற ஆளை எந்தப் பத்திரிகையும் படம் எடுப்பதில்லை.

கரை இருந்தும் போர்ட்லாந்தில் ஒரு ஊரே மூழ்கியது என்று படித்தேன். அப்படியானால் கரையை நம்பலாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

வேன்போர்ட்டைச் சொல்கிறீர்கள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக அவசரமாகக் கட்டிய ஊர். உச்சத்தில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். 1948-ல் 18,500 பேர் மிச்சம், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். வேறு இடத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லாததால் அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

அந்த வருடம் மலையில் பனி ஏராளம். மே கடைசியில் வெயிலும் மழையும் சேர்ந்து ஒரேயடியாக உருக்கிவிட்டன. மே 30, ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுவசதி அதிகாரிகள் வீடு வீடாக ஒரு துண்டுச்சீட்டு போட்டார்கள்: கரைகள் இப்போதைக்குப் பத்திரமாக உள்ளன, தேவைப்பட்டால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும், பதற்றப்பட வேண்டாம். அன்று மாலை 4.17-க்கு மேற்குப் பக்கம் உடைந்தது.

உடைந்தது எது என்பதுதான் முக்கியம். தண்ணீரைத் தடுப்பதற்கென்று கட்டிய கரை அல்ல, ரயில் போவதற்காகக் கொட்டிய மண் மேடு. ரயிலுக்கு அது போதும். ஆனால் வாரக்கணக்கில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதைத் தாங்கும்படி யாரும் அதைக் கட்டவில்லை. ஊரைச் சுற்றி மண் உயரமாகத் தெரிந்ததால், நான்கு பக்கமும் கரை என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். உள்ளே இருந்த பழைய ஓடைகளில் தண்ணீர் முதலில் நிறைந்ததால் அரை மணி நேரம் போல அவகாசம் கிடைத்தது. விடுமுறை வாரம் என்பதால் பலர் வெளியூர் போயிருந்தார்கள். அப்படியும் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். ஊர் திரும்பக் கட்டப்படவே இல்லை.

நம்பலாமா என்று கேட்டால், கரையைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேன். இந்த மண் யாருடைய பொறுப்பு, அவர் போன மாதம் அதில் நடந்தாரா என்று கேட்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூத்த பொறியாளர் என்னிடம் வரைபடத்தைத் தரவில்லை, ரப்பர் பூட்ஸைத் தந்தார். கரை மொத்தம் 43 கிலோமீட்டர் சொச்சம்.

கரையில் கசிவு வந்தால் மணல் மூட்டை போட்டு அடைத்துவிடுவதுதானே?
— வாசகர், மதுராந்தகம்

ஏரிக்கரை ஊர்க்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா?

ஒரு வசந்தத்தில், ஆறு மூன்று வாரமாக இறங்காமல் நின்றது. கரையின் அடிவாரத்தில், ஊர்ப் பக்கம், புல்லுக்கு நடுவே எறும்புப் புற்று மாதிரி சின்னதாக ஒரு மணல் குவியல். நடுவில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஆற்றின் அழுத்தம் கரைக்கு அடியில் மணல் அடுக்கு வழியாக வந்து இந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது. பிளாஸ்க் மூடியில் பிடித்துப் பார்த்தேன். மூடியின் அடியில் மெல்லிய சாம்பல் நிற மணல் படிந்தது.

தெளிந்த நீர் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். மணலோடு வந்தால் கரைக்கு அடியில் இருக்கும் மண் ஊர்ந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். விட்டால் உள்ளே குழாய் மாதிரி பொந்து விழுந்து, மேலே கரை உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த வாயை அடைக்கவே கூடாது. அடைத்தால் பத்தடி தள்ளி வேறு வாய் திறக்கும், அது உங்கள் கண்ணில் படாது. சுற்றிலும் மணல் மூட்டையைக் கிணற்று உறை போல வட்டமாக அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏற ஏற அதன் எடையே ஊற்றை எதிர்த்து அழுத்தும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வரும் உயரத்தில் ஒரு மூட்டையை எடுத்து வழி விட்டுவிட வேண்டும். அன்று எங்களுக்கு இடுப்பளவு உயரம் தேவைப்பட்டது. நாலு பேர், மூன்று மணி நேரம்.

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கரையைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டித் தாத்தா, நண்டு வளை தேடிக் கரையில் குனிந்தபடியே நடப்பார். போர்ட்லாந்தில் நண்டுக்குப் பதில், வளை தோண்டும் பீவர் என்ற நீர்விலங்கும், பெருச்சாளியைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும் நியூட்ரியாவும். குனிந்து நடப்பது மட்டும் மாறவில்லை.

கரையில் மரம் வைத்தால் பலம்தானே?
— ஆசிரியை, திருவண்ணாமலை

நம் ஏரிக்கரைப் பனை வேறு. அங்கே வளரும் பெரிய மரங்கள் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். புதர் மண்டினால் பொந்தும் தெரியாது. குட்டையாக வெட்டிய புல்தான் நல்லது.

மீண்டும் வேளச்சேரித் தாய்: அப்படியானால் என் மகன் நிம்மதியாக இருக்கலாமா?

அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும், வானம் இருட்டிய பிறகு எடுத்துப் பயனில்லை. நூறு ஆண்டு வெள்ளம் என்று யாராவது சொன்னால், நூறு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

நீங்கள் அவனைப் பார்க்கப் போகும்போது ஒரு நாள் ரயிலேறி டெல்டா பார்க் வேன்போர்ட் நிலையத்தில் இறங்குங்கள். ஊர் இருந்த இடத்தில் இப்போது கார் பந்தய மைதானமும் கோல்ஃப் திடலும் இருக்கின்றன. மேற்கு எல்லையில் இன்றும் அந்த மேட்டின் மேல் சரக்கு ரயில் போகிறது.