சிங்கப்பூர் வெயிலில் சைக்கிள் பாதைக்கும் நடைபாதைக்கும் பில்லியன் கணக்கில் செலவழிப்பது வீண்தானே?

கேட்டவரிடம் கார் இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாதவர் "வெயிலில் யார் நடப்பார்" என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், நடந்துகொண்டிருப்பார்.

நான் சிங்கப்பூரின் தெம்பனிஸ் பேட்டைவாசி. நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று 2010ல் முதலில் அனுமதித்தது எங்கள் பேட்டையில்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மணி அடித்தால் முன்னால் போகும் சீன அங்கிள் முறைப்பார். அடிக்காமல் ஒதுங்கிப் போனால் பின்னாலிருந்து திட்டு விழும். "பெல் அடிச்சேனே!" என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

பிறகு ஒரு நாள் மாமியாரோடு ஈரச்சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது மாதம், கையில் கோல். சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன் சைக்கிளில் சர்ரென்று எங்களைக் கடந்தான். இடிக்கவில்லை. ஆனால் அத்தை மீன் பையைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். நான் கத்தினேன். நம் தமிழ்ப் பையன்தான். "பெல் அடிச்சேனே ஆண்டி!" என்றான். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அத்தை இரண்டு மாதம் கீழே இறங்கவே இல்லை.

இப்போது அதே வழியில் சைக்கிளுக்குச் சிவப்புக் கோடு போட்ட தனிப் பாதை. 2025 ஜூலை 1 முதல் அதை ஒட்டிய நடைபாதையில் ஓட்டினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், சிறைகூட உண்டு. பாதை போடாமல் அபராதம் மட்டும் போட்டிருந்தால் நான் எங்கே ஓட்டுவது, லாரிகளுக்கு நடுவிலா? 2030க்குள் தீவு முழுக்க 1,300 கிலோமீட்டர் என்கிறார்கள். அதற்கு 2020ல் அறிவித்தது ஒரு பில்லியன் வெள்ளிக்கு மேல். பெரிய தொகைதான், மறுக்கவில்லை.

அரசாங்கத்துக்கு ஜால்ரா என்று கீழே எழுத வருபவர்களுக்கு: குறையும் இருக்கிறது. நான் போகும் வழியில் பேருந்து நிறுத்தம் வந்தாலே பாதை சுருங்கிவிடும், இறங்கித் தள்ள வேண்டும். கூரை நடைபாதைத் திட்டம் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர் தூரத்துக்கு. எங்கள் அடுக்குமாடி புளோக் அதற்கு வெளியே. மழை வந்தால் நனைவோம்.

இதைவிட எரிச்சல், ஊரிலிருந்து வரும் சித்தப்பா. "இத்தனை வருஷம் சிங்கப்பூர்ல இருந்து ஒரு கார் வாங்கலையா?" 2023 அக்டோபரில் சின்னக் கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளி, சித்தப்பா. கார் விலை தனி. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யாராவது ஒரு கேள்வி போடுங்கள், தனியாக எழுதுகிறேன்.