வண்டல் என்று எழுதுவதற்கு முன்னர்: வாசகர் கேள்வி பதில்

மாரி வெள்ளம் வடிந்து யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றுக் கரை வயல்கள் காயத் தொடங்கியதும், மண்வெட்டியும் குறிப்பேடுமாக அங்கே இறங்கியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலான கேள்விகள் வெள்ளம் படியவிட்ட ஒரே விதமான மண்ணைப் பற்றியவை என்பதால் அவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் விவசாயம் கற்கும் மாணவி. வழுக்கையாற்று வெள்ளம் ஏறி வடியும் வயலொன்றில் செயற்றிட்டத்துக்காக 1 மீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். மேலே கபில நிறமான, வழுவழுப்பான மண். 18 செ.மீ. இற்குக் கீழே மெல்லிய மணற் கோடுகள். 41 முதல் 60 செ.மீ. வரை நத்தை ஓடுகள் கலந்த கருமையான அடுக்கு. அதன் கீழே துருப் புள்ளிகளுடன் சாம்பல் நிற மண். வயற்காரர் இதை வண்டல் என்கிறார்; என் தோழி களி என்கிறாள். குறிப்பேட்டில் எதை எழுதுவது? (மாணவி, சண்டிலிப்பாய்)

பதில்: இரண்டையும் இப்போதைக்கு எழுத வேண்டாம். வயற்காரரும் உங்கள் தோழியும் வேறுவேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். வண்டல் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். ஓடும் நீர் கொண்டுவந்து படியவிட்ட மண் முழுவதும் வண்டல்தான்; அதில் மணலும் இருக்கலாம், களியும் இருக்கலாம். மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட பருமனுள்ள துணிக்கையையும் பலர் வண்டல் என்றே எழுதுகிறார்கள். முன்னையது மண் வந்த வழியைக் குறிப்பது, பின்னையது துணிக்கையின் அளவைக் குறிப்பது. குழப்பத்தைத் தவிர்க்க, நீர் சேர்த்த மண்ணை வண்டல் என்றும், இடைப்பட்ட துணிக்கையை மண்டி என்றும் இங்கே எழுதுகிறேன்.

பெயருக்கு முன்னர் விவரணம் வர வேண்டும். வயலில் நின்று எழுதிய விவரணம் சரியாக இருந்தால் பெயரைப் பிறகு எவரும் திருத்தலாம். பெயர் மட்டும் இருந்தால், குழியை மூடிய பின்னர் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. ஆகவே முதலில் இடத்தை எழுதுங்கள்: ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, வெள்ளம் எத்தனை நாள் நின்றது, கடைசியாக என்ன விதைத்தார்கள், குழியில் நீர் ஊறியதா, ஊறினால் எந்த ஆழத்தில். அடுத்து, வெயில் நேராகப் படும் சுவரைக் கத்தியால் மெல்லக் கிளறிப் புதுமுகம் காட்டச் செய்யுங்கள். மண்வெட்டி இழுத்த சுவரில் மேல்மண் கீழே பூசப்பட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதினால் அடுக்குகளே மாறிப்போகும்.

இனி அடுக்குகளின் எல்லைகளில் ஆணி குத்தி அளவெடுங்கள். எத்தனை செ.மீ. இல் எல்லை இருக்கிறது என்பதோடு, எவ்வளவு விரைவாக மண் மாறுகிறது என்பதையும் எழுத வேண்டும். 2 செ.மீ. இற்குள் முழுதாக மாறினால் அது சடுதியான எல்லை. வெள்ளம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட படிவுகள் பெரும்பாலும் அப்படித்தான் பிரியும். நிலைத்த மண்ணில் வேரும் புழுவும் நீரும் காலப்போக்கில் உண்டாக்கிய அடுக்குகளோ ஒன்றுக்குள் ஒன்று கரைந்தாற் போல மெல்ல மாறும். உங்கள் மணற் கோடுகள், நீர் சற்று வேகமாக ஓடிய வேளைகளைக் காட்டுகின்றன. மணல் கனமானது, ஓட்டம் தளர்ந்ததும் முதலில் அதுவே விழுகிறது. மண்டி மேலும் தளர்ந்த நீரில் விழுகிறது. களி, தேங்கி நின்ற நீரில்தான் நன்றாக அடியிறங்கும்.

உங்கள் குழியில் என்னை அதிகம் கவர்ந்தது 41 செ.மீ. இல் தொடங்கும் அந்தக் கருமையான அடுக்கு. புல்லோ பயிரோ வளர்ந்து, மக்கி, நத்தை ஊர்ந்த பழைய நிலமேற்பரப்பாக அது இருக்கக்கூடும். பின்வந்த வெள்ளங்கள் அதன்மேல் படிந்து அதைப் புதைத்திருக்கலாம். அதற்குள் பழைய வேர்த் துவாரங்கள் உள்ளனவா, மேல் எல்லை சடுதியாகவும் கீழ் எல்லை மெதுவாகவும் மாறுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் புதையுண்ட மேல்மண் என்று துணிந்து குறிக்கலாம். 10 வீத ஐதரோக்குளோரிக் அமிலத்தை ஒரு துளி விடும்போது, நத்தை ஓட்டில் விடாமல் ஓடற்ற மண்ணில் விடுங்கள். ஓடு எப்போதும் நுரைக்கும். மண்ணும் நுரைத்தால்தான் அதில் சுண்ணாம்பு பரவியிருக்கிறது என்று எழுதலாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடப்பதால், இந்தச் சோதனையை ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியே செய்வது அவசியம்.

தோழியோடு உள்ள வழக்கைத் தீர்க்கக் கையே போதும். உள்ளங்கையில் அடங்கும் அளவு மண்ணை எடுத்து, வேரும் கல்லும் நீக்கி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ரொட்டி மா பதம் வரும்வரை ஓரிரு நிமிடம் பிசையுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்க்கும்போது மணல் நெருடும். காதருகே வைத்தால் அதன் ஒலியும் கேட்கும். மண்டி, நனைந்த அரிசிமாவைப் போல வழுக்கும், ஆனால் விரலில் ஒட்டாது. களி ஒட்டும், தேய்த்த இடம் பளபளக்கும். பின்னர் அதைப் பெருவிரலால் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். மண்டி மிகுந்த மண்ணின் நாடா 2.5 செ.மீ. எட்டுமுன் வெடித்து முறியும், 5 செ.மீ. தாண்டியும் முறியாமல் நீண்டால் அது களிமண்.

இன்னும் ஐயமிருந்தால் மண்ணைச் சற்று அதிகம் நனைத்து, உள்ளங்கையில் தட்டையாக வைத்து, கையின் பக்கத்தை மறு கையால் தட்டுங்கள். மண்டியாயின் மேற்பரப்பில் நீர் மினுங்கி வரும். விரலால் அமுக்கியதும் அந்த மினுக்கம் உள்வாங்கி மங்கிப்போகும். களி எத்தனை தட்டினாலும் அப்படியே இருக்கும். முதன்முறை இதைக் காண்பவர்கள் இரண்டாம் தடவையும் தட்டிப் பார்க்காமல் விடுவதில்லை.

கேள்வி: எங்கள் வயலில் முழ ஆழத்தில் சாம்பல் மண்ணும் செம்புள்ளிகளும் இருக்கின்றன. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் போல இல்லாததால் மண் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். (கமக்காரர், நவாலி)

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் உங்கள் வயலில் புள்ளியிடுவதும் இரும்புதான். மண் நீரில் மூழ்கிக் கிடக்கும்போது அதிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோக, நுண்ணுயிர்கள் இரும்பு ஒட்சைட்டைத் தாழ்த்தி, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. நிறம் தந்த இரும்பு கரைந்து நகர்ந்ததும் எஞ்சுவது சாம்பல் நிறம். நீர் இறங்கி, வேர்த் துவாரத்தினூடாகக் காற்று வரும் இடத்தில் அந்த இரும்பு மீண்டும் துருவாகப் படிகிறது. நெல்வேர் தன் உள்ளே காற்றைக் கீழே கொண்டுசெல்வதால், வேரைச் சுற்றியே துரு படிந்திருப்பதையும் காணலாம்.

குழிச் சுவரில் இப்புள்ளிகள் 2 வீதத்துக்குக் குறைவா, 2 முதல் 20 வரையா, அதற்கு மேலா என்று மதிப்பிட்டு எழுதுங்கள். ஓரம் மங்கலாகப் பரவியிருந்தால் இப்போதும் நீர் ஏறி இறங்குகிறது என்று கொள்ளலாம்; கூர்மையான ஓரத்துடன் உருண்டைகளாக உதிர்ந்து வந்தால் அவை பழங்காலத்தவையாகவோ வெள்ளத்தோடு வந்தவையாகவோ இருக்கலாம். நிறத்தை மட்டும் குழி வெட்டிய உடனே குறித்துவிடுங்கள். நீர் தேங்கிய சாம்பல் மண் காற்றுப் பட்டதும் கண்ணெதிரே கபிலமாக மாறக்கூடும். மன்செல் நிறப் புத்தகம் கிடைத்தால் ஈர மண்ணை அதன் சதுரங்களோடு ஒப்பிட்டு 10 வை.ஆர். 4/2 என்பது போல எழுதுவார்கள்: முதலாவது நிறச்சாயல், அடுத்து வெளிர்மை, இறுதியில் செறிவு. செறிவு 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் நீர்த் தேக்கத்தை நினைக்க வேண்டும். புத்தகம் விலை கூடியது. இல்லாதவர்கள் ஒவ்வோர் அடுக்கிலும் சிட்டிகை மண் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டி வைப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன்.

கேள்வி: வெள்ளப் படுகை மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதில் மணல் 24, மண்டி 58, களி 18 வீதம் என்று வந்தது. இது எந்த வகுப்பு? கையால் பார்த்தபோது மண்டி இதைவிட அதிகம் என்று தோன்றியது. கை பொய் சொல்லுமா? (ஆசிரியர், வட்டுக்கோட்டை)

பதில்: மணல், மண்டி, களி வீதங்களைப் பொருத்திப் பார்க்கும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் முக்கோண வரைபடத்தில் 12 இழையமைப்பு வகுப்புகள் உண்டு. மண்டி 50 வீதத்துக்கு மேலும் களி 12 முதல் 27 வரையும் இருப்பதால் உங்கள் மண் மண்டி கலந்த தோமண்; தோமண் என்பது மணல், மண்டி, களி மூன்றும் கலந்த மண். மண்டி 80 வீதத்தை எட்டி, களி 12 இற்குக் குறைந்தால்தான் வெறும் மண்டி என்பார்கள். இயற்கையில் அது அரிது.

கைக்கும் கருவிக்கும் இடையே வேறுபாடு வருவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மிக நுண்ணிய மணல், விரலுக்கு மண்டி போலவே வழுக்கும். அடுத்து, எல்லைக் கணக்கைக் கேளுங்கள்: மேற்சொன்ன முறையில் மண்டி 0.05 முதல் 0.002 மி.மீ. வரை, சர்வதேச முறையில் 0.02 மி.மீ. இல் தொடங்குகிறது. ஒரே மண்ணுக்கு இரண்டாவது முறையில் மண்டி வீதம் குறைந்தே வரும். எந்த எல்லை என்று தெரியாத அறிக்கையை முக்கோணத்தில் வைத்துப் பார்ப்பது வீண்.

ஆய்வுகூடத்தில் மண்ணை நீரில் கலக்கி, துணிக்கைகள் இறங்கும் வேகத்தைக் கொண்டு களியை அளப்பதால் வெப்பநிலையும் கவனிக்க வேண்டியது. 0.002 மி.மீ. துணிக்கை 20 பாகை செல்சியசில் 10 செ.மீ. இறங்க ஏறத்தாழ 8 மணித்தியாலம் எடுக்கும். 30 பாகையில் நீரின் பாகுநிலை குறைவதால் விரைவாக இறங்கும். திருத்தம் செய்யாமல் அதே நேரத்தில் வாசித்தால் களி குறைவாகத் தெரியும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், களித் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி மண்டியின் பருமனில் நின்றுவிடுவதும் உண்டு.

சேதனக் காபனையும் அடுக்கு வாரியாக அளந்திருந்தால், இழையமைப்புக்கு அப்பால் மண்ணின் வகையையும் பேசலாம். ஆழம் கூடக் கூட அது ஒழுங்காகக் குறையாமல், புதையுண்ட அடுக்கில் மீண்டும் ஏறுவது வெள்ளப் படிவின் கைரேகை. அமெரிக்க வகைப்பாட்டில் புளூவென்ற் என்ற துணைவரிசையையும், உலக உசாத்துணை வகைப்பாட்டில் புளூவிசோல் என்ற குழுவையும் அப்போது எண்ணிப் பார்க்கலாம். நிலமட்டத்திலிருந்து 50 செ.மீ. இற்குள்ளேயே நீர்த் தேக்க அடையாளங்கள் மேலோங்கினால் பெயர் மாறும்.

கேள்வி: கட்டட வேலைக்காக எடுத்த அறிக்கையில் இதே வெள்ளப் படுகை மண்ணை எம்.எல். என்று எழுதியிருக்கிறார்கள். விவசாயத்தில் வழங்கும் பெயரா, இதுவா, எது சரி? (வாசகர், மானிப்பாய்)

பதில்: இரண்டும் சரி. பொறியியலாளர் 0.075 மி.மீ. அரிதட்டைத் தாண்டும் மண்ணை, நீர் சேரும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் பெயரிடுகிறார். வேர் ஓடுமா என்பது அவருடைய கேள்வி அன்று. எம்.எல். என்பது குழைவு குறைந்த மண்டி.

கேள்வி: மழை பெய்து வெயில் எறித்தால் வயலின் மேல் ஓடு போல இறுகிவிடுகிறது, முளை வெளிவர முடியவில்லை. மண்டி காரணமா, உப்பா? (கமக்காரர், அராலி)

பதில்: இரண்டும் காரணமாகலாம். காய்ந்த சிறு கட்டியொன்றைக் கண்ணாடிக் கோப்பையில் மழைநீர் விட்டு மெல்ல இறக்கி, அசைக்காமல் வைத்துப் பாருங்கள். கட்டி சரிந்து உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால், மண்டி மிகுந்து பிணைப்புக் குறைந்த மண்; எருவும் மூடாக்கும் உதவும். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் எழுந்தால், சோடியம் களியைப் பிரிக்கிறது. உப்பையும் காரத்தையும் அளக்காமல் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம். கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. நம் கிணறுகளின் வன்னீரில் உள்ள கல்சியம் களியைச் சேர்த்துப் பிடித்து, கலங்கலை மறைத்துவிடும்.

கேள்வி: ஓர் அடுக்கிலிருந்து எவ்வளவு மண் எடுக்க வேண்டும்? (மாணவர், சங்கானை)

பதில்: அரை முதல் ஒரு கிலோ போதும். கீழ் அடுக்கிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். இல்லாவிட்டால் மேல்மண் கீழே உதிர்ந்து கலந்துவிடும். எல்லைக் கோட்டை விட்டு அடுக்கின் நடுவிலிருந்து எடுங்கள். நிழலில் உலர்த்தி 2 மி.மீ. அரிதட்டில் அரியுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி, ஒன்றைப் பையின் உள்ளே சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டும், மற்றதை வெளியே கட்டியும் வையுங்கள். ஒரு கார்த்திகை மழையில், பேனையால் எழுதிய என் 12 பைகளின் சீட்டுகளும் நீலக் கறையாகிப்போயின. மண் கையில் இருந்தும் எது எந்த ஆழத்தது என்று தெரியாமல் மறுவாரம் அதே வயலில் மீண்டும் குழி வெட்டினேன்.