வேலைக்கும் போனுக்கும் நடுவே ஆய்வேடு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. கிருஷ்ணகிரியில் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி. செய்யும் உங்கள் மகளைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். வேலையை விடச் சொல்லலாமா? எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாளே, எப்போதுதான் முடிப்பாள்?

வேலையை விட வேண்டாம். அவர் இப்போது மூன்றாவது ஆண்டில் இருக்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளில் பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. ஆகவே அவருக்குத் தாமதமாகிவிடவில்லை. வேலையை விட்டவர்கள் வேகமாக முடித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பகல் முழுக்கக் கையில் இருந்தால் எழுத்து நாளைக்குத் தள்ளிப் போகும், சம்பளம் நின்ற கவலை வேறு சேர்ந்துகொள்ளும்.

போன் விஷயத்தில் உங்கள் பயம் பாதி நியாயம். நெறியாளரின் திருத்தம் வருவது அதில்தான். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் பழைய ஆய்வேடுகளைப் படிப்பதும் அதில்தான். அதைப் பிடுங்கி வைத்தால் வேலையே நின்றுவிடும். ஆனால் காலை ஐந்து மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ஆய்வேட்டைத் திறக்கிறார். துறை வாட்ஸ்அப் குழுவில் 'நாக் ஃபைல் இன்றே வேண்டும்' என்று செய்தி, கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான கோப்பு அது. அதற்குப் பதில் போடுகிறார். அப்புறம் ஆய்வு மாணவர் குழு, அங்கே யாரோ அனுப்பிய 'ஆய்வேடு எழுதுவது எப்படி' வீடியோ. பார்த்து முடிக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒரு வரி எழுதவில்லை, ஆனால் ஆய்வு வேலை பார்த்த நிறைவு மனதில் வந்துவிடுகிறது. சினிமா பார்ப்பதைவிட இந்த வீடியோக்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். நாளை எழுத வேண்டிய ஒரே ஒரு அட்டவணையை இரவே தாளில் குறித்துவிடட்டும். தேவையான கட்டுரைகளை லேப்டாப்பில் இறக்கி வைக்கட்டும். போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். காலையில் இணையம் இல்லாமல் ஒன்றரை மணி நேரம். அது போதும்.

எழுதுவதை முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம். அவர் தலைப்பு மாம்பழ விவசாயிகளும் மாங்கூழ் ஆலைகளும். பெங்களூரா ரகம் ஏற்றிய வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டும் சீசனில்தான் விலை பற்றி விவசாயி மனம் திறந்து பேசுவார். எடை போட்ட சீட்டைக் காட்டி, போன வருடம் என்ன கிடைத்தது, இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று தானே சொல்வார். சீசன் முடிந்து போய்க் கேட்டால் 'பரவாயில்லம்மா, ஏதோ போச்சு' என்பதோடு நிறுத்திவிடுவார். அதனால் சீசன் மாதங்களில் எழுதச் சொல்லாதீர்கள், ஊர் ஊராகப் போகட்டும். வந்ததும் ஆய்வு முறை, அட்டவணைகள், அவற்றுக்கான விளக்கம் என்று எழுதட்டும். முன்னுரை கடைசியில் வரட்டும். என்ன கண்டோம் என்று தெரிந்த பிறகு அது தானாக எழுதவரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தால் ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம். யுஜிசியின் 2018 விதிகளின்படி ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவை மென்பொருள் கணக்கிடுவது, 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மென்பொருளுக்குத் தப்பினாலும், வாய்மொழித் தேர்வில் தன் அட்டவணையைத் தானே விளக்க முடியாதவர் என்ன செய்வார்?

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். சொந்தக்காரர்கள் வரும்போது 'இன்னும் முடிக்கலையா' என்ற பேச்சை அவர் காதுபடத் தொடங்க விடாதீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல் அவருக்கு விட்டுக்கொடுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அடுத்த கூட்டத்துக்கு அட்டவணை அத்தியாயம் அரைகுறையாக இருந்தாலும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், நெறியாளருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு.