வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்து வரும் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது

கே: வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். எங்கள் கோப்பு அந்த நாட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஏஜென்சியில் கேட்டால் "வரிசையில் இருக்கிறீர்கள்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எங்கே தேங்கி நிற்கிறது?

ப: பெரும்பாலும் எங்கும் தேங்கியிருக்காது. நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் அமையுமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். பெற்றவர்களின் சம்மதம் காசு கொடுத்தோ மிரட்டியோ வாங்கப்படவில்லை, தாய் பிரசவத்துக்குப் பிறகுதான் சம்மதித்தார் என்பதையும் உறுதி செய்ய வேண்டும். தத்தெடுப்புக்குப் பொறுப்பான இரு நாட்டு மத்திய அதிகார அமைப்புகளும் ஒப்புக்கொண்ட பிறகே பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்க முடியும். இதற்கெல்லாம் ஆகும் மாதங்கள்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு. "கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள். அந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு தாயிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளை இருக்கலாம்.

எப்போது கிடைக்கும் என்று கேட்பதை விட, கோப்பு எந்தத் தேதியில் பதிவானது, எந்த ஆவணம் முதலில் காலாவதியாகிறது, நாங்கள் குறித்த வயதில் போன வருடம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நோய் நொடியில்லாத கைக்குழந்தைதான் வேண்டும் என்பவர்களுக்கே காத்திருப்பு மிக நீளம். குடும்பத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளில் கொஞ்சம் வளர்ந்தவர்கள், உடன்பிறந்தவர்களோடு இருப்பவர்கள், சிகிச்சை தேவைப்படுபவர்கள்தான் அதிகம். ஆனாலும் காத்திருந்து அலுத்துப்போய் மட்டும் வயது வரம்பைத் தளர்த்தாதீர்கள்.

கே: ஆவணங்கள் திரும்பி வந்துவிட்டன. எல்லாம் சரியாகத்தானே வைத்தோம்?

ப: மூன்று இடங்களைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் திருமணச் சான்றிதழில் இனிஷியலும் இருந்தால் அதுவே போதும், திருப்பி அனுப்ப. அடுத்தது வரிசை: வழக்கமாக முதலில் நோட்டரி, பிறகு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட அரசு இணைத்துத் தரும் சான்று), கடைசியில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. அந்த நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்று வேண்டும். மூன்றாவது, நகல் எடுப்பதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுவது. அப்போஸ்டில் தாளைப் பிரித்துவிட்டு மறுபடி குத்திய ஓட்டை தெரிந்தால், தாள் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகத்தில் ஆவணத்தையே நிராகரித்துவிடுவார்கள். பின்னைத் தொடாமல் மடித்து நகல் எடுங்கள்.

போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும்தான் சீக்கிரம் காலாவதியாகும். மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். வீடு மாறினாலோ, வேலை மாறினாலோ, கருத்தரித்தாலோ ஹோம் ஸ்டடி (தத்தெடுக்கத் தகுதி உண்டா என்று உங்கள் குடும்பத்தை ஆராயும் ஆய்வு) செய்த சமூகப் பணியாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

கே: 14 மாதக் குழந்தையின் விவரம் வந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து காப்பகத்தில் இருக்கிறது. "வளர்ச்சி குறைவு, எச்.ஐ.வி. ஆன்டிபாடி பாசிட்டிவ்" என்று இருக்கிறது. பதில் சொல்ல இரண்டு வாரம்தான். எப்படி முடிவெடுப்பது?

ப: "பாசிட்டிவ்" என்ற சொல்லைப் பார்த்ததும் தாளை மூடிவிடாதீர்கள். ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்; தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம். குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்பதை இந்த வயதில் பி.சி.ஆர். போன்ற வைரஸ் பரிசோதனைதான் சொல்லும். அதைக் கேட்டு வாங்குங்கள். தொற்று இருப்பது உறுதியானாலும், தினமும் மருந்து எடுத்து நன்றாக வளரும் பிள்ளைகள் உண்டு.

எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்த தேதியோடு கேளுங்கள். ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதும் தேவை. எல்லாவற்றையும் வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். காப்பகத்தில் கழியும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு மாத வளர்ச்சி என்ற கணக்கில் உயரம் பின்தங்குவது சகஜம். குடும்பத்துக்கு வந்ததும் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும். தலைச் சுற்றளவின் கோடு அளவுக்கு அளவு கீழே சரிந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

வெட்டி ஒட்டாத சில நிமிட வீடியோவும் கேளுங்கள். குழந்தை பிடிமானமின்றி உட்காருகிறதா, பொம்மையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, பராமரிப்பவர் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். தத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். உங்களால் முடியாது என்று தெரிந்தால் மறுப்பது குற்றமல்ல. மனசில்லாமல் சம்மதிப்பதுதான் பிள்ளைக்குத் தீங்கு.

பிள்ளை வருவதற்கு இரண்டு வாரமாவது முன்பு வீட்டிலிருப்பவர்கள் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டுக்கொள்வது நல்லது. வந்த இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை. அதில் குடல் புழுவுக்கு வெவ்வேறு நாட்களில் மூன்று மல மாதிரிகள். ரத்தப் பரிசோதனைகளை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். புதிய தொற்று முதல் சோதனையில் தெரியாமல் போகலாம்.

கே: நான்கு வயதுப் பெண் குழந்தை வரப்போகிறாள். எங்கள் மகனுக்கு எட்டு வயது. சொந்தபந்தம் எல்லோரும் விமான நிலையத்துக்கே வருகிறோம் என்கிறார்கள். என்ன தயார் செய்யலாம்?

ப: விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். உங்களுக்குத் திருநாளாக இருக்கும் அதே நாளில் அவள் தெரிந்த முகம், மொழி, வாசனை எல்லாவற்றையும் ஒரேயடியாக இழக்கிறாள். முதல் சில வாரங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது, தூங்கவைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டுமே. பாட்டி, தாத்தாவிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனவருத்தம் வராது. அவள் எல்லோரிடமும் ஓடி ஒட்டிக்கொண்டால் "நன்றாகப் பழகுகிறாள்" என்று மகிழ வேண்டாம். தனக்கென்று யாரும் இல்லாத பிள்ளை அப்படித்தான் பழகும்.

பசி, தண்ணீர், வலி, கழிவறை, தூக்கம், பயப்படாதே போன்ற இருபது சொற்களையாவது அவள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். அவள் படுத்த போர்வை கிடைத்தால் துவைக்காமல் கொண்டுவாருங்கள். சாப்பாட்டைத் தலையணைக்கடியில் ஒளித்தால் திட்டாமல், எட்டும் உயரத்தில் ஒரு கிண்ணத்தில் எப்போதும் ஏதாவது வையுங்கள். இருவரில் ஒருவரை அவள் மாதக்கணக்கில் ஒதுக்கலாம். ஒதுக்கப்பட்டவர் பின்வாங்கிவிடாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மகனிடம் "விளையாட ஆள் வருகிறாள்" என்று சொல்லாதீர்கள். அழுவாள், உன் பொம்மையை உடைப்பாள், கொஞ்ச நாள் உன்னோடு பேசமாட்டாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். தினமும் அவனுக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

கே: பாதியில் அந்த நாடு கதவை மூடிவிட்டால்?

ப: நடக்கக்கூடியதுதான். எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டினருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. சீனா 2024-இல் உறவினர்களுக்கு மட்டும் விலக்கு வைத்து நிறுத்தியபோது, பிள்ளை ஒதுக்கப்பட்டுக் காத்திருந்த குடும்பங்களும் சிக்கின. அதனால் கட்டணத்தைக் கட்டம் கட்டமாக, ரசீதோடு மட்டும் கட்டுங்கள். நாடு மூடினால் எது திரும்பக் கிடைக்கும், கோப்பை வேறு நாட்டுக்கு மாற்ற முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கே: நீதிமன்றத்தின் தத்தெடுப்புத் தீர்ப்பு வந்தால் பிள்ளைக்குக் குடியுரிமையும் வந்துவிடும்தானே?

ப: அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட தத்துப் பிள்ளைகளில் பலர் குடியுரிமை இல்லாமலே நின்றார்கள். குடியுரிமைக்கான எழுத்துச் சான்று கைக்கு வரும் வரை விடாதீர்கள். ஹேக் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவுச் சான்றிதழ் (அந்த உடன்படிக்கைப்படிதான் தத்தெடுப்பு நடந்தது என்று உறுதி செய்வது), நீதிமன்ற ஆணை, பழைய பிறப்புச் சான்றிதழ், பிறந்த குடும்பத்தைப் பற்றிக் கிடைத்த எல்லாத் தாள்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அவை பிள்ளைக்குச் சொந்தமானவை.