ஆங்கில இலக்கணம்: 'டு' வரும் இடமும் வாராத இடமும்

கேள்வி: 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதை 'ஐ வான்ட் தட் ஹி ஷுட் கம்' என்று எழுதினேன். 'ஐ வான்ட் ஹிம் டு கம்' என்பதே சரி என்று திருத்தினார்கள். வருகிறவன் அவன்தானே, பிறகு 'ஹி' எப்படி 'ஹிம்' ஆயிற்று? 'ஷி மேட் ஹிம் க்ரை' என்பதில் மட்டும் 'டு' ஏன் இல்லை?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் முதல் ஐயத்துக்கு விடை நம் தமிழிலேயே இருக்கிறது. 'அவனை வரச் சொன்னேன்' என்கிறோம். வருகிறவன் அவனே ஆனாலும், 'அவன்' என்று எழுவாயாக நிற்காமல், 'சொன்னேன்' என்ற முற்றுக்குச் செயப்படுபொருளாகி 'அவனை' என்று இரண்டாம் வேற்றுமை ஏற்கிறான். 'வர' என்ற எச்சம் அவன் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. 'ஐ டோல்ட் ஹிம் டு கம்' என்ற வாக்கியமும் இதே அமைப்புடையது. ஆங்கிலத்தில் இன்ஃபினிடிவ் ('டு கம்' போல, பெரும்பாலும் 'டு' சேர்ந்து வரும் வினை வடிவம்) காலமும் காட்டாது, எண்ணும் இடமும் காட்டாது. ஆகவே, 'ஹி' என்ற எழுவாயை அதனால் தாங்க முடியாது.

'சொல்' என்ற வினையோடு இயல்பாக வரும் இந்த அமைப்பு, 'விரும்பு' என்ற வினையோடு தமிழில் வருவதில்லை. 'அவனை வர விரும்புகிறேன்' என்று நாம் சொல்வதில்லை. 'வர வேண்டும் என்று' என ஒரு முழு வாக்கியத்தையே உள்ளே வைக்கிறோம். அந்த 'என்று' தான் உங்கள் வாக்கியத்தில் 'தட்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'வான்ட்' அதை ஏற்காது. 'ஹோப்' ஏற்கும், 'ஐ ஹோப் தட் ஹி வில் கம்' என்பது பிழையற்றது. 'சஜஸ்ட்' நேர் எதிரானது: 'ஐ சஜஸ்டட் ஹிம் டு கோ' என்று பலர் எழுதுவது பிழை, 'ஐ சஜஸ்டட் தட் ஹி கோ' என்பதே சரி. பின்னால் எந்த அமைப்பு வரலாம் என்பதை முன்னால் வரும் அந்தந்த வினைச்சொல்லே தீர்மானிக்கிறது என்பதால், வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் அது ஆளும் அமைப்போடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி 'டு'. பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிடிவுக்கு 'அன்' என்று முடியும் தனி விகுதி இருந்தது. 'டு' அன்று 'நோக்கி' என்னும் பொருளுடைய முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). பெரும்பாலும் நோக்கம் சொல்லும்போது வந்தது. விகுதிகள் தேய்ந்து மறைந்தபின், 'டு' மெல்ல மெல்ல இன்ஃபினிடிவின் அடையாளமாகவே நிலைத்தது. ஆனால் 'கேன்', 'மஸ்ட்', 'வில்' போன்ற துணைவினைகளும், 'மேக்', 'லெட்', 'ஸீ', 'ஹியர்' போன்ற சில வினைகளும் 'டு' இல்லாத பழைய வழக்கையே தொடர்கின்றன. 'ஹெல்ப்' இரண்டையும் ஏற்கும். 'மேக்' செயப்பாட்டு வினையாகும்போது 'டு' திரும்ப வந்துவிடும்: 'ஷி மேட் ஹிம் வெயிட்', ஆனால் 'ஹி வாஸ் மேட் டு வெயிட்'. தேர்வுகளில் பிழை திருத்தும் பகுதிக்கு ஏற்ற இடம் இது, கவனமாக இருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'வர', 'பெய்ய' போன்ற நம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் எல்லா இடத்திலும் ஆங்கில இன்ஃபினிடிவ் ஆகிவிடாது. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்பதில் 'பெய்ய' காரணம் காட்டுகிறது. அதற்கு 'மழை' என்ற தனி எழுவாயும் உண்டு. இங்கே ஆங்கிலத்தில் இன்ஃபினிடிவ் உதவாது. 'பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று துணைவாக்கியமாகவே எழுத வேண்டும்.

கேள்வி: விண்ணப்பக் கடித முடிவில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யு' என்று எழுதலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது, 'டு மீட்டிங் யு' என்றே எழுத வேண்டும். இங்குள்ள 'டு' இன்ஃபினிடிவின் அடையாளம் அன்று, முன்னிடைச்சொல். சோதிப்பது எளிது: 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்' என்பது பொருந்துகிறது. ஆகவே அவ்விடத்தில் வினை வந்தால் 'இங்' சேர்ந்து பெயர்த்தன்மை பெற வேண்டும். 'ஐ வான்ட் டு யுவர் லெட்டர்' என்பது பொருந்தாது. எனவே அங்கே வெறும் வினையடியே வரும். 'ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்றால் முன்பு அதிகாலையில் எழும் பழக்கம் இருந்தது என்றும், 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி' என்றால் அப்படி எழுவது இப்போது எனக்குப் பழகிவிட்டது என்றும் பொருள் வேறுபடுவதும் இந்த இரண்டு 'டு'க்களால்தான்.