எந்த மைக்ரோகன்ட்ரோலர் வாங்கலாம்? – கேள்வி பதில்

மைக்ரோகன்ட்ரோலர் என்பது சென்சார், விளக்கு போன்றவற்றை இயக்க நாம் புரோகிராம் ஏற்றும் குட்டிக் கணினிச் சிப். அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “எது பெஸ்ட்?” என்ற ஒற்றை வரிதான். அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. என்ன செய்யப் போகிறீர்கள், அதற்கு கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கல்லூரியில் 8051 படித்தேன். வீட்டில் செய்து பார்க்கவும் அதையே வாங்கலாமா சார்?

வேண்டாம். 1980இல் இன்டெல் கொண்டுவந்த சிப் அது. டைமர், இன்டரப்ட், ரெஜிஸ்டர் என்று நீங்கள் படித்தது எதுவும் வீண் போகாது, ஆனால் புதிதாகச் செய்து பழக ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டு வாங்குங்கள். 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் ஃப்ளாஷ், 2 கிலோபைட் ராம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எந்த சென்சாரை வாங்கினாலும் அதற்கான லைப்ரரியை, அதாவது தயார் நிலைப் புரோகிராம் துண்டுகளை, யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள். சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். புகை வந்தால் சிப்பை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.

கேள்வி: அண்ணா, 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இஎஸ்பி32 இருக்கும்போது யூனோ எதற்கு?

வைஃபை, புளூடூத் வேண்டுமென்றால் யோசிக்காமல் இஎஸ்பி32 வாங்குங்கள் தம்பி. வேகத்துக்காக மட்டும் என்றால், நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை படிக்கும் வேலையில் 240 மெகாஹெர்ட்ஸும் சும்மாதான் காத்துக்கொண்டிருக்கும்.

சில இடங்களில் அது காலை வாரும். பின்கள் எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது. 34 முதல் 39 வரையுள்ள பின்கள் இன்புட்டுக்கு மட்டும். இரண்டாவது ஏடிசியில் (அனலாக் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) உள்ள பின்களை வைஃபை ஓடும்போது அனலாகாகப் படிக்க முடியாது. இது தெரியாமல் நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அப்புறம், வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். “தானாக ரீஸ்டார்ட் ஆகிறது” என்று வந்த கேள்விகளுக்கும் இதுவே பதில்: புரோகிராமைச் சந்தேகப்படும் முன் கேபிளையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: செடித் தொட்டியில் ஈரப்பதம் அளந்து மணிக்கு ஒருமுறை வைஃபையில் அனுப்ப வேண்டும். பேட்டரி மாதக்கணக்கில் வருமா?

வரும். ஆனால் அது சிப்பைவிட போர்டைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். யூனோ போர்டு சும்மா இருந்தாலே ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். 40 மணி நேரத்தில் கதை முடிந்தது.

இஎஸ்பி32 டீப் ஸ்லீப்பில், அதாவது பெரும்பாலான பாகங்களை அணைத்துவிட்டுத் தூங்கும் நிலையில், சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். மணிக்கு ஒருமுறை 5 நொடி விழித்து, அப்போது சராசரியாக 100 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்றால், அந்தச் செலவை 3600 நொடிக்குப் பரப்பினால் 0.14 மில்லி ஆம்பியர். தூக்கத்தையும் சேர்த்து 0.15. காகிதத்தில் 550 நாள் வருகிறது. பேட்டரி தானாகவும் கொஞ்சம் வடியும் என்பதால் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம், மாதக்கணக்கில் நிச்சயம் ஓடும்.

ஆனால் வாங்கிய போர்டில் பவர் எல்இடி, யுஎஸ்பி சிப், சாதாரண ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து, சிப் தூங்கும்போதும் 5 மில்லி ஆம்பியர் எடுத்தால்? அதே பேட்டரி 16 நாளில் காலி. அதனால் “டீப் ஸ்லீப்பில் எவ்வளவு” என்பதைச் சிப்புக்கல்ல, முழு போர்டுக்கும் கேட்டு வாங்குங்கள். வந்ததும் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடுங்கள். ஈரப்பத சென்சாருக்கும் எப்போதும் கரன்ட் கொடுக்காதீர்கள். படிக்கும் நேரத்தில் மட்டும் டிரான்சிஸ்டர் வழியாக ஆன் செய்தால் போதும்.

கேள்வி: 300 எல்இடி உள்ள டபிள்யூஎஸ்2812 ஸ்ட்ரிப், ஐஆர் ரிமோட்டில் நிறம் மாற்ற வேண்டும். யூனோ தாங்குமா?

ராம் தாங்கும். இந்த ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: எல்இடிக்கு 3 பைட், ஆக 900 பைட். தாங்காதது ரிமோட். ஸ்ட்ரிப்புக்கு ஒருமுறை தகவல் அனுப்ப சுமார் 9 மில்லி செகண்ட் ஆகும், அந்த நேரம் முழுக்க வழக்கமான லைப்ரரிகள் இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறித்துச் சிப்பைக் கூப்பிடும் வசதி) நிறுத்தி வைக்கும். ரிமோட்டின் சிக்னல் அந்த இடைவெளியில் தொலைந்துபோகும். பட்டனை நாலு தடவை அமுக்கினால் ஒரு தடவை வேலை செய்யும்.

இங்கேதான் ராஸ்பெரி பை பிக்கோ போர்டை எனக்குப் பிடிக்கும். 2021இல் வந்த அதன் ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்று 8 குட்டி இயந்திரங்கள் தனியாக இருக்கின்றன. ஸ்ட்ரிப்பின் சிக்னலை அவற்றில் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் சிபியு ரிமோட்டைக் கவனிக்கலாம்.

எந்த போர்டானாலும் பவர் சப்ளை தனி. முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் வரை, 300க்கு 18 ஆம்பியர்! கிரவுண்டை மட்டும் போர்டோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பைத்தான் மட்டும்தான் தெரியும்.

பிக்கோ அல்லது இஎஸ்பி32. இரண்டிலும் மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தானான மைக்ரோபைத்தான் நன்றாக ஓடும். யூனோவின் 2 கிலோபைட்டில் ஓடாது.

கேள்வி: என்னிடம் இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட். பிக்கோவில் இணைக்கலாமா?

சென்சாரின் பதில் சிக்னல் வரும் எக்கோ பின்னை நேராக இணைக்காதீர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், நடுப்புள்ளியைப் பிக்கோவுக்குக் கொடுங்கள். 3.3 வோல்ட் வரும்.

கேள்வி: எஸ்டிஎம்32 வகைச் சிப்புகளைக் கற்றால்தான் மதிப்பு என்கிறார்கள். நேராக அதில் தொடங்கலாமா?

சி மொழி கைவசம் இருந்தால் தொடங்கலாம். புளூ பில் என்ற மலிவு போர்டு வேண்டாம், அதில் போலி சிப்புகள் அதிகம். நியூக்ளியோ வாங்குங்கள். போர்டிலேயே டிபக்கர் இருக்கிறது. ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி எந்த மாறியில் என்ன மதிப்பு என்று பார்க்கலாம். சீரியல் மானிட்டரில் “இங்கே வந்தேன்” என்று அச்சிட்டு அச்சிட்டுப் பிழை தேடியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: இருட்டினால் ஒரு எல்இடி எரிய வேண்டும். அவ்வளவுதான். எந்த கன்ட்ரோலர்?

எதுவும் வேண்டாம். ஒரு எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பாகம்), ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர். நாலு மணி நேரம் எரிந்ததும் தானாக அணைய வேண்டும் என்று பிறகு தோன்றினால், 8 கால் உள்ள ஏடிடைனி85 என்ற குட்டிக் கன்ட்ரோலர் போதும். அதில் புரோகிராம் ஏற்ற, நண்பரின் யூனோவை ஒரு மாலைக்கு இரவல் வாங்கினால் சரி, அதுவே புரோகிராமராகவும் வேலை செய்யும்.